விளக்கு வைத்த பிறகு அமுக்காத பட்டன்

எங்கள் தோட்டத்து மாமரங்களுக்குப் பெயர் உண்டு. கிணற்றோரம் நிற்கிற நீலம் கெணத்து மரம். பாதைப் பக்கம் சாய்ந்து நிற்கிற செந்தூரம் வண்டிப்பாதை மரம். நடுவில் மற்ற மரங்களுக்கெல்லாம் மூத்ததாக நிற்கிற பங்கனப்பள்ளிக்குப் பெரியவ என்று பெயர். நான் கல்யாணமாகி வந்தபோதே அந்தப் பெயர்கள் இருந்தன. வீட்டில் யாரும் இனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "பெரியவ காய் இறக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள், ஒரு மனுஷியைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

தோட்டம் பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. வாசலில் நின்றால் நெல்லியாம்பதி மலை தெரியும். பொள்ளாச்சி சந்தைக்கும் நாங்கள்தான், கொல்லங்கோட்டு ஆபீஸுக்கும் நாங்கள்தான். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸில் வரும் காகிதமெல்லாம் மலையாளம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன், இந்த நாள் வரைக்கும் கைநாட்டு வைத்ததில்லை. ஆனால் கையெழுத்துக்கு மேலே உள்ளதெல்லாம் வேறு யாராவதுதான் எழுத வேண்டும். பேங்க்கிலும் சரி, கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீஸிலும் சரி, "இத எழுதிக் குடுக்கறியா கண்ணு" என்று கேட்கும்போதெல்லாம் என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்கும். எனக்கு அது பிடிக்காது.

வீட்டுக்காரர் போன பிறகு தோட்டத்தைப் பாட்டத்துக்கு விட்டேன். எங்கள் பக்கத்தில் மரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து பூவைப் பார்த்து அந்த வருஷக் காயைப் பேசி எடுத்துக்கொள்வதுதான் பாட்டம். அதற்குப் பிறகு கடைசிக் காய் இறங்குகிற வரைக்கும் மரம் அவருடையது. மருந்து அடிப்பதும் அவர் இஷ்டம், பிஞ்சாக இறக்குவதும் அவர் இஷ்டம். கீழே விழுந்து கிடக்கிற காயைக்கூட நாம் எடுக்கக் கூடாது, அதுதான் முறை. எங்களிடம் பாட்டம் எடுத்தவர் டவுனில் பழக்கடை வைத்திருக்கிற ஒரு பாய். நல்ல மனுஷர். வருஷம் தவறாமல் எங்கள் மரத்துப் பழத்தையே ஒரு கூடையில் வைத்து எனக்குக் கொடுத்தனுப்புவார். அந்தக் கூடையைக் கை நீட்டி வாங்குவதுதான் எனக்கு வருஷத்திலேயே கஷ்டமான வேலை. என் மரத்துப் பழத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மார்கழியில் பாய் வந்தபோது, "இந்த வருசம் நானே வித்துப் பாக்கறனுங்க பாய்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்கீங்கம்மா விப்பீங்க? ரோட்டோரத்துல கூடை வெச்சுட்டு உக்காந்துக்குவீங்களா?"

"என்ற தம்பி மக கம்ப்யூட்டர்ல விக்கலாம்ங்கறா."

"கம்ப்யூட்டர்ல காய் வெம்பாதுங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பண்ணிப் பாருங்க. ஒத்து வரலீன்னா அடுத்த பூவுக்கு நான் வாறேன், வேற யாருக்கும் குடுத்துறாதீங்க" என்றார்.

ஆக, பந்தயம் அதுதான். பழத்தை நானே விற்றுக் காட்டினால் தோட்டம் என் கையில். முடியாவிட்டால் அடுத்த பூவோடு மறுபடியும் பாட்டம், மறுபடியும் அந்தக் கூடை.

தம்பி மகளும் அவள் வீட்டுக்காரரும் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு பேரும் வெப்சைட் செய்கிறவர்கள்தான், வேறு வேறு கம்பெனி. அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து இறங்கினார்கள். வந்த வேகத்தில் சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் பருப்பு வேக வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கட்சி ஸ்டாட்டிக். "அத்தை, நீங்க வெயிலுக்கு வடகம் புழிஞ்சு காய வெச்சு டப்பாவுல போட்டுக்கறீங்கல்ல? அதேதான். பக்கத்தை முழுசா முன்னாடியே செஞ்சு வெச்சர்றது. யாரு கேட்டாலும் டக்குனு எடுத்து நீட்டறதுதான் வேல. சிக்னல் கம்மியா இருந்தாலும் தொறக்கும். மாசாமாசம் யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்ல."

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? "சரிங்க பெரியம்மா, வடகத்துல உப்பு கூடிப்போச்சுன்னு வெச்சுக்குங்க. காஞ்சதுக்கப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"மாவத் திருத்தி மறுபடியும் புழிவேன் மாமா. ஒரே நிமிசம்" என்றாள் அவள். வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ ஊட்ல இருந்தா ஒரு நிமிசம். இல்லாதப்ப?"

"நான் எங்க போகப்போறேன்?"

அவர் கட்சிக்குப் பெயர் ஹெட்லெஸ். பழத்தைப் பற்றிய சேதியெல்லாம் ஒரே இடத்தில் இருக்குமாம். அந்த இடத்துக்கு முகம் கிடையாதாம். வெப்சைட்டு, போன், கடையில் மாட்டுகிற டிவி என்று எந்த முகத்தை வேண்டுமானாலும் அதற்கு மாட்டிக்கொள்ளலாமாம். நான் என் போனில் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா முகத்திலும் மாறிவிடுமாம்.

"அப்ப அதுக்குத் தலையே இல்லைங்கறீங்க" என்றேன்.

"ஆமாங்க பெரியம்மா, பேரே அதுதான்."

"ஏனுங்க மாப்பிள்ளை, மொதமொதல்ல யாவாரம் பண்றேன். தலையில்லாதத வெச்சா ஆரம்பிக்கோணும்?"

அவள் கைதட்டிச் சிரித்தாள். அவர் முகம் சுருங்கிப்போனது. ஸ்டாட்டிக்தான் என்று அன்றைக்கே முடிவாயிற்று. பெயர் மட்டும் காரணம் இல்லை. அவள் செய்த மாதிரிப் பக்கத்தை என் போனில் திறந்து காட்டினாள். எங்கள் தோட்டத்தில் வீட்டை விட்டால் கிணற்று மேட்டில் நின்றால்தான் சிக்னல் வரும், அங்கேயும் வந்து வந்து போகும். கண்ணை மூடித் திறப்பதற்குள் பெரியவ வந்து நின்றாள், கொத்துக் கொத்தாகப் பூவோடு. கூட, அவள் என் தம்பி மகள். மாப்பிள்ளை என்னதான் நல்லவராக இருந்தாலும் இரத்தம் ஒரு பக்கம் சாயத்தானே செய்யும்?

அந்தப் பருவம் நன்றாகத்தான் தொடங்கியது. மரத்திலேயே முற்ற விட்டு இறக்கினோம். வைக்கோலில் பழுக்க வைத்து, பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, கொல்லங்கோட்டு பார்சல் ஆபீஸுக்கு அனுப்பினோம். கோயம்புத்தூர், எர்ணாகுளம், பெங்களூரு என்று முகம் தெரியாதவர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் போன் செய்து பேசினார்கள். சொந்தக்காரர்களே என்னை அவ்வளவு கூப்பிட்டதில்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை மழை காற்றோடு வந்தது. வண்டிப்பாதை மரம் மொத்தக் காயையும் கொட்டிவிட்டது. பாதை முழுக்கச் செந்தூரம் உடைந்து கிடந்தது. வெப்சைட்டில் செந்தூரம் இருக்கிறது என்று போட்டிருக்கிறதே, அதை எடுக்கச் சொல்லலாம் என்று தம்பி மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆபீஸ் வேலையாக வடக்கே போயிருந்தாள், காலை முதல் இரவு வரை மீட்டிங். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"பெரியம்மா, அவ எல்லாத்தையும் அவ லேப்டாப்புல வெச்சிருக்கா. அவ அடுப்புல நான் கைவெச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னைய ஊட்டுக்குள்ள சேக்க மாட்டா" என்றார். சிரிப்பாகச் சொன்னாலும் நிஜமாகவே பயந்தார்.

மறுநாள்தான் அவள் மாற்றினாள். அவள் சொன்ன மாதிரி ஒரே நிமிஷம்தான் ஆனது. ஆனால் அதற்குள் இல்லாத செந்தூரத்துக்கு ஆர்டர் வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மழையில் போய்விட்டது என்று நானே சொன்னேன். எர்ணாகுளத்து அம்மா ஒருத்தி, கோபமே இல்லாமல்தான் கேட்டாள்: "பின்னே எதுக்கு இருக்குன்னு போட்டிருக்கு?"

நான் என்ன சொல்வேன்? போட்டது நானில்லை. ஆனால் என் பெயரில் போட்டிருக்கிறது. பேங்க் சீட்டை எழுதித் தருகிறவர் தப்பாக எழுதினாலும் கீழே கையெழுத்து என்னுடையதுதானே, அது மாதிரி.

தம்பி மகள் ஊர் திரும்பி நேராக என் வீட்டுக்கு வந்தாள். அவளே சொன்னாள்: "அத்தை, மாமா சொன்னதுல ஞாயம் இருக்குதுங்க. எழுத்து உங்க கைல இருக்கோணும்."

அப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளும் எங்கள் வீட்டுப் பெண், சுலபமாக இறங்கி வருகிறவள் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். வெளியே தெரிகிற பக்கம் அவளுடைய பக்கமாகவே இருக்கும், முன்கூட்டியே செய்து வைத்ததாகவே இருக்கும். உள்ளே சேதி வைக்கிற இடம் மட்டும் மாப்பிள்ளையுடையது. நான் சேதியை மாற்றும்போதெல்லாம் அவள் பக்கம் தானாகவே புதிதாகப் பிழிந்துகொள்ளும். மாவு அவருடையது, அச்சு அவளுடையது. அதற்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

உள்ளே என்னென்ன வைப்பது என்று கேட்க மாப்பிள்ளை ஒரு காலையில் தனியாக வந்தார். அவர் இனத்தை வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். கெணத்து மரம் கடைசியில்தான் வரும், பெரியவ அதற்கு முன்னாலேயே தீர்ந்துவிடுவாள், இப்படிப் பேசிக்கொண்டே போனேன். என்னுடைய பேச்சு வழவழவென்று போகும், எனக்கே தெரியும். அவர் ஒரு தடவைகூட இடையில் பேசவில்லை. திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்து, போட்டிருந்த கட்டத்தையெல்லாம் அழித்துவிட்டு, மரத்துக்கு ஒன்றாகப் போட்டார். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர், போட்டோ, நான் எழுதுகிற இரண்டு வரி, அதற்குக் கீழே இரண்டு பட்டன். ஒன்றில் 'இருக்கு', மற்றதில் 'இல்லை'. எழுத்தெல்லாம் என் கண்ணுக்குத் தெரிகிற அளவில் பெரிதாக இருந்தது.

கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தொட்டு, 'பெரியவ பழுத்துவிட்டாள், வாசம் வருகிறது' என்று எழுதினேன். அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து போன்.

"அத்தை! மாறிருச்சு! எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் காட்டிட்டேன்!"

அந்த வரியில் யாரும் கை வைக்கவில்லை. நான் எழுதி, இன்னொருவர் திருத்தாமல், ஊர் பேர் தெரியாதவர்கள் படித்த முதல் எழுத்து அதுதான். அன்றைக்குச் சமையலில் உப்புப் போட மறந்துபோனேன். மாப்பிள்ளை அதையே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் மறுபடியும் இல்லாத பழத்துக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் பெரியவ பழம் கடைசிப் பெட்டியோடு தீர்ந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பெரியவளுக்குப் புது ஆர்டர் வந்து கிடக்கிறது. அப்புறம் இன்னொரு மரத்துக்கும் அப்படியே ஆயிற்று.

"மறந்துட்டீங்களா அத்தை?" என்று தம்பி மகள் போனில் கேட்டாள்.

"மறக்கல."

"பட்டன் வேல செய்யலியா?"

"செய்யுது."

"அப்புறம் என்னதானுங்க அத்தை?"

காரணத்தைச் சொன்னால் சிரிப்பாள் என்று போனை வைத்துவிட்டேன். மறுபடியும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரம் பார்சல் ஆபீஸில் பாயைப் பார்த்தேன். "எப்புடீங்கம்மா போகுது யாவாரம்?" என்று கேட்டார். "போகுதுங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பூ வருகிற மாதம் என் மனதில் கணக்காக ஓட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். மாப்பிள்ளை சுற்றி வளைக்கவில்லை.

"பெரியம்மா, நீங்க எப்பெப்ப அமுத்தறீங்கன்னு அதுல தெரியுமுங்க. காலைல, மத்தியானத்துல தப்பே இல்ல. தீந்த ஒடனே அமுத்திர்றீங்க. பொழுது எறங்கிட்டா மட்டும் விடியற வரைக்கும் அப்புடியே கெடக்குது. வெள்ளிக்கெழமைன்னா நாள் முழுக்க அமுத்தறதே இல்ல. ஏதோ விசயம் இருக்குது. என்னன்னு சொல்லுங்க."

இதற்கு மேல் மறைத்து என்ன பயன்? சொன்னேன். "வெளக்கு வெச்சதுக்கப்பறம் நம்மூட்டுப் பொருள இல்லைன்னு நான் வாயால சொன்னதில்லீங்க. வெள்ளிக்கெழம சொன்னதே இல்ல. அரிசி தீந்தாக்கூடச் சொல்ல மாட்டேன். அத எப்புடிங்க வெரலால அமுத்தறது? அதுவும் ஊரே பாக்கறாப்புல?"

தம்பி மகள் வெடித்துச் சிரித்தாள். "மாமா, இவங்க சாமி வெளக்க ஏத்தி வெச்சுட்டு சாப்ட்வேர் கூடச் சண்ட போட்டுட்டு இருந்திருக்காங்க!" பிறகு என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். "எங்கம்மாளும் உப்பு தீந்தா அப்புடித்தான் அத்தை" என்று மெதுவாகச் சொன்னாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொழுது எறங்குனதுக்கப்பறம் ஒருத்தர் வாசல்ல வந்து நின்னு பெரியவ பழம் கேட்டா, அவருகிட்ட என்ன சொல்லுவீங்க பெரியம்மா?"

"அடுத்த வருசம் வாங்கன்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

லேப்டாப்பை மடியில் வைத்து ஏதோ தட்டினார். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'இல்லை' என்று இருந்த இடத்தில் 'அடுத்த வருசம்' என்று இருந்தது. ஒரு இடத்தில்தான் மாற்றினார், எல்லா மரத்திலும் மாறிவிட்டது. அவள் பக்கமும் புதிதாகப் பிழிந்துகொண்டது. அவளே எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். வீட்டுக்காரரை அவள் அப்படிப் பாராட்டி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அதன் வெளிச்சத்திலேயே உட்கார்ந்து கெணத்து மரத்துக்கு அமுக்கினேன். விரல் கூசவில்லை. பொய்யும் இல்லை, அபசகுனமும் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காதது. அடுத்த வருசம் என்று பார்த்தவர்கள் அத்தோடு போய்விடவில்லை. "அடுத்த வருசத்துக்கு எங்களுக்கு எடுத்து வெப்பீங்களா?" என்று போனில் கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்று போட்டிருந்தால் கேட்டிருப்பார்களா, தெரியாது. தம்பி மகள் அதைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு மரத்துக்குக் கீழேயும் பெயரையும் நம்பரையும் விட்டுப் போக ஒரு இடம் வைத்தாள். எங்கள் மரத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள், வண்டிப்பாதை மரம் வேண்டும், கெணத்து மரம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். எர்ணாகுளத்து அம்மாவும் போட்டிருந்தாள், அதே செந்தூரத்துக்கு. அதை இரண்டு தடவை கூட்டிப் படித்தேன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நான் என்ன செய்துவிட்டேன்? பெட்டியில் பழம் கொடுத்தனுப்புகிறேன், அது பெரிய காரியமா? லீவு நாளில் தூங்காமல் பஸ் ஏறி வந்து, என் பேச்சை முழுசாகக் கேட்டு, என் பழக்கத்துக்குத் தக்கபடி கம்ப்யூட்டரை வளைத்துக் கொடுத்தார்கள். எந்தக் கட்சி ஜெயித்தது என்று யாராவது கேட்டால் இப்போதும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாய் திறக்கிறார்கள். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. அதைவிட, சண்டை போட்ட இரண்டு பேருமே எனக்கு வேண்டியிருந்தது.

அந்த மார்கழியில் மரமெல்லாம் பூத்தது. சொன்ன சொல் தவறாமல் பாய் வந்தார். நாற்காலி போட்டு மோர் கொடுத்தேன். பூவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பூ நல்லாப் புடிச்சிருக்குதுங்கம்மா. என்ன பண்ணலாம்?"

"எல்லா மரத்துக்கும் ஆளு சொல்லிட்டாங்க பாய்."

"பூவுலயேவா? எந்த யாவாரிங்க?" அவர் கொஞ்சம் பதறித்தான் போனார்.

"யாவாரி இல்லீங்க. திங்கறவங்க."

போனைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரம் மரமாகத் தள்ளிப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேல் அந்த மரங்களோடு பழகியவர் அவர். பெரியவ போட்டோ வந்ததும் விரலை எடுத்துவிட்டார். தோட்டம் போன வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா, பெரியவளுக்கு இன்னொரு பேரு எடம் இருக்குதுங்களா? என்ற மக ஊட்டுக்கு ஒரு பெட்டி. மத்த மரம் வேண்டாம், அவ பெரியவ பழத்தைத்தான் கேப்பா."

"உங்களுக்கு இல்லாததா பாய்? காசு வேண்டாம், நானே கொடுத்தனுப்பறேன்."

"அது வேற. இது எழுதிக்குங்க. மொறையா வாங்கிக்கறேன்."

சரி என்று போனை வாங்கினேன். அவர் கடைக்கணக்கு எழுதுகிறவர், கண் மூடித் திறப்பதற்குள் அவரே தட்டியிருப்பார். கை நீட்டவில்லை. மடியில் மோர் டம்ளரை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் மகளின் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதினேன். நடுவில் ஒரு எழுத்து தப்பிப்போய், அழித்து மறுபடியும் போட்டேன்.

"அவசரமில்லீங்க" என்றார்.